சோடியம் போரோஹைட்ரைடு தயாரிப்பும் ஹைட்ரஜன் சேமிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வெள்ளைப் பொடிக்குள் ஹைட்ரஜனைப் பூட்டி வைக்கலாம், வேண்டும்போது தண்ணீர் சேர்த்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கான பதில்கள் கீழே. ஹைட்ரஜன் எப்படி வெளியே வருகிறது என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அது எளிது. அந்தப் பொடியைச் செய்வதும், தீர்ந்துபோனதைத் திரும்பச் செய்வதும்தான் கஷ்டம். அதனால் தயாரிப்பு பற்றிய பதில்கள் நீளமாகவே இருக்கும்.

சோடியம் போரோஹைட்ரைடு என்றால் என்ன? அதில் எவ்வளவு ஹைட்ரஜன் இருக்கிறது?

ஒரு போரான் அணு, அதைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன், கூடவே ஒரு சோடியம். இவ்வளவுதான் மூலக்கூறு. மோல் எடை 37.8 கிராம்; அதில் ஹைட்ரஜன் மட்டும் 4 கிராம், அதாவது எடையில் 10.6 சதவீதத்துக்குச் சற்று மேல். அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம். எனவே இடைவெளி இல்லாமல் அடைத்த ஒரு லிட்டர் போரோஹைட்ரைடில் சுமார் 114 கிராம் ஹைட்ரஜன் இருக்கும். மைனஸ் 253 டிகிரியில் வைத்திருக்கும் திரவ ஹைட்ரஜனே லிட்டருக்கு 71 கிராம்தான். இந்த ஒப்பீட்டைப் பார்த்துத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள்.

இதிலுள்ள ஹைட்ரஜன் எதிர்மின் தன்மை கொண்டது. தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனோ நேர்மின் தன்மை கொண்டது. இரண்டும் சந்தித்தால் வாயுவாகச் சேர்ந்து கிளம்பிவிடும்.

வெளிவரும் ஹைட்ரஜனில் பாதி தண்ணீரிலிருந்து வருகிறதாமே?

ஆமாம். ஒரு மோல் போரோஹைட்ரைடு இரண்டு மோல் தண்ணீரோடு வினைபுரிந்து நான்கு மோல் ஹைட்ரஜன் வாயுவும் ஒரு மோல் சோடியம் மெட்டாபோரேட்டும் (ஹைட்ரஜன் போனபின் மிஞ்சும் போரான் உப்பு) தரும். வாயுவாக வரும் எட்டு அணுக்களில் நான்கு போரோஹைட்ரைடுடையவை, நான்கு தண்ணீருடையவை. ஒரு கிராம் பொடி திட்ட வெப்ப அழுத்த நிலையில் 2.37 லிட்டர் வாயு தரும்.

தண்ணீரின் பங்கு இலவசமாகக் கிடைத்ததுபோல் தோன்றும். அது இலவசம் இல்லை என்பதை விலை பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்லெசிங்கரும் அவருடைய மாணவராக இருந்த ஹெர்பர்ட் பிரவுனும். இரண்டாம் உலகப் போர்க் காலம். எளிதில் ஆவியாகக்கூடிய யுரேனியம் சேர்மம் ஒன்று தேவைப்பட்டது. யுரேனியம் போரோஹைட்ரைடு பொருந்துமா என்று தேடப் போன இடத்தில் சோடியம் போரோஹைட்ரைடு கிடைத்தது. யுரேனியத்துக்கு வேறு வழி அமைந்துவிட்டது. அப்புறம், போர்க்களத்தில் பலூன்களை நிரப்ப ஹைட்ரஜன் வேண்டும் என்று அமெரிக்க ராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவு இதில் ஆர்வம் காட்டியது. ஆக, ஹைட்ரஜன் சேமிப்பு என்பது இந்தப் பொருளுக்குப் புதிதாக ஒட்டவைத்த வேலை இல்லை. ராணுவ ரகசியம் என்பதால் ஆய்வுக் கட்டுரைகள் 1953இல்தான் வெளிவந்தன. பிரவுன் போரான் சேர்மங்கள் பற்றிய பணிக்காக 1979இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தொழிற்சாலையில் எப்படித் தயாரிக்கிறார்கள்?

இன்றும் பெரிய அளவில் நடப்பது அந்த இருவரின் பெயரால் அழைக்கப்படும் பிரவுன்–ஷ்லெசிங்கர் முறைதான். உலோகச் சோடியம், ஹைட்ரஜன், போரிக் அமிலம், மெத்தனால் ஆகியவை உள்ளே போகின்றன.

முதலில் சோடியம். உருகிய சாதாரண உப்பில், உருகுநிலையைக் குறைக்கக் கால்சியம் குளோரைடு சேர்த்து, 600 டிகிரி அளவில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கிறார்கள். இந்தக் கலத்துக்கு டவுன்ஸ் கலம் என்று பெயர். இப்படிக் கிடைத்த சோடியத்தை உருக்கி, கனிம எண்ணெயில் நுண்துளிகளாகச் சிதற விட்டு, 250 முதல் 300 டிகிரிக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தினால் சோடியம் ஹைட்ரைடு கிடைக்கும். எண்ணெய் இல்லாவிட்டால் ஒவ்வொரு துளியின் மேலும் ஹைட்ரைடு ஓடு படிந்து, உள்ளே இருக்கும் சோடியம் வினைபுரியாமல் நின்றுவிடும். நன்றாகக் கலக்குவதும் அதற்காகத்தான்.

இன்னொரு பக்கம், போரிக் அமிலத்தையும் மெத்தனாலையும் சேர்த்து ட்ரைமெத்தில் போரேட் தயாரிக்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் இங்கே ஒரு தலைவலி உண்டு. ட்ரைமெத்தில் போரேட்டின் கொதிநிலை 68 டிகிரி; மெத்தனாலுடையது 65 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டும் கலந்தால் 55 டிகிரிக்கு அருகிலேயே ஒன்றாகக் கொதித்து ஒன்றாக ஆவியாகிவிடும். எத்தனை முறை வாலை வடித்தாலும் பிரியாது. உப்பு சேர்த்தோ அமிலத்தால் கழுவியோ மெத்தனாலை விலக்க வேண்டும். மெத்தனாலை விட்டுவைத்தால் அது அடுத்த கட்டத்தில் சோடியம் ஹைட்ரைடைத் தின்றுவிடும்.

அடுத்ததுதான் முக்கியமான வினை. 225 முதல் 275 டிகிரியில், எண்ணெயில் மிதக்கும் ஹைட்ரைடுக்குள் ட்ரைமெத்தில் போரேட்டை விடுகிறார்கள். நான்கு மோல் ஹைட்ரைடும் ஒரு மோல் போரேட்டும் சேர்ந்து ஒரு மோல் சோடியம் போரோஹைட்ரைடும் மூன்று மோல் சோடியம் மெத்தாக்சைடும் ஆகின்றன. உள்ளே போன நான்கு சோடியத்தில் ஒன்று மட்டுமே நமக்கு வேண்டிய பொருளில் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தண்ணீர் சேர்க்கிறார்கள். தண்ணீர் பட்டால் போரோஹைட்ரைடு கெட்டுவிடாதா என்று கேட்பீர்கள். மெத்தாக்சைடு தண்ணீரில் காஸ்டிக் சோடாவாகவும் மெத்தனாலாகவும் பிரிகிறது. அந்தக் கடும் காரமே போரோஹைட்ரைடைக் காப்பாற்றுகிறது. எண்ணெய் மேலே மிதக்கும், காரக் கரைசல் கீழே நிற்கும். மெத்தனாலை வடித்தெடுத்துத் திரும்பவும் போரேட் செய்யப் பயன்படுத்துவார்கள். மிஞ்சுவது சுமார் 12 சதவீதம் போரோஹைட்ரைடும் 40 சதவீதம் காஸ்டிக் சோடாவும் கொண்ட கரைசல். வாங்குபவர்களில் பலருக்கு இந்தக் கரைசலே போதும். பொடியாக வேண்டுமென்றால் ஐசோபுரொப்பைல் அமீன் போன்ற கரைப்பானால் பிரித்தெடுத்து உலர்த்த வேண்டும்.

பேயர் முறை என்பது வேறா?

வேறு. ஜெர்மனியின் பேயர் நிறுவனம் உருவாக்கியது. வெங்காரம் என்கிற போராக்ஸ், மணலில் உள்ள சிலிக்கா, சோடியம் ஆகியவற்றைச் சேர்த்து 400 முதல் 500 டிகிரியில் ஹைட்ரஜன் அழுத்தத்தில் வைத்தால் போரோஹைட்ரைடும் சோடியம் சிலிகேட்டும் கிடைக்கும். மெத்தனால் தேவையில்லை, போரேட் வடிக்கும் தலைவலியும் இல்லை. ஆனால் போரோஹைட்ரைடே சிதையத் தொடங்கும் வெப்பநிலைக்கு வெகு அருகில் வேலை செய்ய வேண்டும். சூளைக்குள் இருப்பது உருகிய சோடியம், சுற்றிலும் ஹைட்ரஜன். பொருளைப் பிரிக்க அழுத்தத்தில் திரவமாக்கிய அம்மோனியா வேறு. சோடியம் கணக்கிலும் மிச்சம் இல்லை: இங்கேயும் ஒரு மோலுக்கு நான்கு சோடியம்தான், மூன்று சிலிகேட்டாகப் போய்விடுகிறது.

ஏன் இவ்வளவு விலை? உற்பத்தியைப் பெருக்கினால் குறையாதா?

கொஞ்சம் குறையும். அடிப்படை மாறாது, ஏனென்றால் செலவு இயந்திரத்தில் இல்லை, சோடியத்தில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ போரோஹைட்ரைடுக்கு, எந்த இழப்பும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், 2.43 கிலோ சோடியம் வேண்டும். ஒரு கிலோ சோடியத்துக்கு டவுன்ஸ் கலம் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ 10 யூனிட். ஆக, சோடியத்துக்கு மட்டும் 24 யூனிட். அந்த ஒரு கிலோ போரோஹைட்ரைடு தரும் ஹைட்ரஜன் 213 கிராம். அதை எரித்தால் கிடைக்கும் ஆற்றல் சுமார் 7 யூனிட். எரிபொருள் மின்கலத்தில் கொடுத்தால் மின்சாரமாக அதில் பாதி கையில் வரும். 24 யூனிட் போட்டு மூன்றரை யூனிட் எடுக்கிறோம். சூளை, வடிகட்டல், உலர்த்தல் செலவெல்லாம் இதில் சேரவே இல்லை.

இன்னொரு வழியிலும் இதைப் பார்க்கலாம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. நான்கு மோல் சோடியத்தை ஹைட்ரைடாக்க இரண்டு மோல் ஹைட்ரஜன் உள்ளே போகிறது. கடைசியில் நான்கு மோல் வெளியே வருகிறது. லாபம் இரண்டு மோல். அதே நான்கு மோல் சோடியத்தை நேராகத் தண்ணீரில் போட்டிருந்தாலும் இரண்டு மோல் ஹைட்ரஜன் வந்திருக்கும்! தண்ணீரை உடைப்பதற்கான விலையைச் சோடியம் முன்கூட்டியே கட்டிவிடுகிறது; போரான் அதை அடக்கமாகச் சுமந்து வருகிறது, அவ்வளவுதான்.

மிஞ்சும் காஸ்டிக் சோடாவிலிருந்து சோடியத்தைத் திரும்ப எடுக்கலாமே?

எடுக்கலாம். டவுன்ஸ் கலம் வருவதற்கு முன்னால் காஸ்ட்னர் முறையில் உருகிய காஸ்டிக் சோடாவிலிருந்துதான் சோடியம் எடுத்தார்கள். ஆனால் அந்த வினையில் ஒரு முனையில் தண்ணீர் உண்டாகிறது. அது மறுமுனையில் விளைந்த சோடியத்தையே தாக்குகிறது. அதனால் பாய்ச்சும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் பயன் தராது. அயனிகளைத் தேர்ந்து விடும் பீங்கான் தடுப்பு வைத்து இதைச் சரிசெய்யும் முயற்சிகள் நடந்திருக்கின்றன.

தீர்ந்த மெட்டாபோரேட்டில் ஹைட்ரஜனை அழுத்திச் செலுத்தினால் பழையபடி ஆகிவிடாதா?

ஆகாது. போரானும் ஆக்சிஜனும் பிடித்த பிடி அப்படி. ஒரு மோல் போரோஹைட்ரைடு நீரோடு சேரும்போது சுமார் 210 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது. கூடவே நான்கு மோல் வாயுவும் கிளம்பிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து வினையை ஒரே திசையில் தள்ளுகின்றன. நடைமுறையில் எட்டக்கூடிய எந்த அழுத்தமும் அதைத் திருப்பாது. ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள வேறு யாராவது வர வேண்டும். சோடியம், மக்னீசியம், அலுமினியம் எல்லாம் அந்த வேலைக்காகத்தான் வருகின்றன.

அந்த 210 கிலோஜூல் சும்மா போகும் வெப்பம் என்பதையும் மறக்க வேண்டாம். கிடைக்கும் ஹைட்ரஜனின் எரி ஆற்றலில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

மக்னீசியம் முறை பற்றி நிறையக் கட்டுரைகள் வருகின்றனவே, அது தேறுமா?

என் பார்வையில், இருக்கிற வழிகளில் கவனிக்கத் தகுந்தது இதுதான். ஒரு மோல் மெட்டாபோரேட்டும் இரண்டு மோல் மக்னீசியம் ஹைட்ரைடும் சேர்ந்தால் போரோஹைட்ரைடும் மக்னீசியம் ஆக்சைடும் கிடைக்கும். தீர்ந்துபோன மெட்டாபோரேட்டே மூலப்பொருள் என்பதால் சுற்று மூடுகிறது. புதிதாகச் சோடியம் வேண்டியதில்லை. 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 550 டிகிரியில், 7 மெகாபாஸ்கல் ஹைட்ரஜன் அழுத்தத்தில் 97 சதவீத அளவுக்கு விளைச்சல் காட்டினார்கள்.

பிறகு வந்தவர்கள் சூட்டைக் கைவிட்டு, பந்து அரைவைக்குப் போனார்கள். எஃகு ஜாடிக்குள் பொடிகளையும் எஃகு உருண்டைகளையும் போட்டு, ஆர்கான் அல்லது ஹைட்ரஜன் நிரப்பி மணிக்கணக்கில் சுழற்றுவது. உருண்டைகள் மோதும் ஒவ்வொரு முறையும் மக்னீசியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு தோல் உரிந்து புதிய பரப்பு வெளிப்படும். வினை அங்கேதான் நடக்கிறது. அறை வெப்பநிலையே போதும்.

இதில் எனக்குப் பிடித்த திருப்பம் ஒன்று உண்டு. நீராற்பகுப்புக்குப் பின், அதாவது போரோஹைட்ரைடு தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் தந்த பின், மிஞ்சுவது உலர்ந்த மெட்டாபோரேட் அல்ல. ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டோ நான்கோ நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்திருக்கும். முன்பெல்லாம் அதை முந்நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சி உலர்த்தினார்கள். இப்போது அந்தப் படிக நீரோடு அப்படியே மக்னீசியம் உலோகத்தைச் சேர்த்து அரைக்கிறார்கள். போரோஹைட்ரைடுக்கு வேண்டிய ஹைட்ரஜன் அந்த நீரிலிருந்தே வந்துவிடுகிறது. தனியாக ஹைட்ரஜன் வாயுவே தேவைப்படுவதில்லை. ஆனால் மக்னீசியம் இரண்டு மோலுக்குப் பதில் நான்கு மோல் செலவாகும்.

சரி, இடிக்கும் இடம் எது? மக்னீசியம் ஆக்சைடு. அதைத் திரும்ப உலோகமாக்க வேண்டும். மின்னாற்பகுப்பில் ஒரு கிலோ மக்னீசியத்துக்குப் பொதுவாக 10 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. இரண்டு மோல் கணக்கிலேயே ஒரு கிலோ போரோஹைட்ரைடுக்கு 1.3 கிலோ மக்னீசியம் வேண்டும். சோடியத்தைவிட நல்ல கணக்கு, ஆனாலும் 7 யூனிட்டுக்காக 13 யூனிட் செலவழிக்கிறோம். அரைவை இயந்திரம் தின்னும் மின்சாரம் தனி. ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் சில கிராம் அளவில்தான் அரைக்கிறார்கள் என்பதையும் விளைச்சல் சதவீதத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

மெட்டாபோரேட் கரைசலை நேரடியாக மின்னாற்பகுத்தால்?

காகிதத்தில் அழகாக இருக்கும்: எட்டு எலக்ட்ரான் கொடுத்தால் போரேட் போரோஹைட்ரைடாக வேண்டும். காப்புரிமைகளும் உண்டு. பின்னால் கவனமாகச் செய்து பார்த்தவர்களுக்குப் போரோஹைட்ரைடு கிடைக்கவில்லை. காரணங்கள் புரிந்துகொள்ள எளிதானவை. போரேட் எதிர் அயனி. எதிர்மின் வாய் அதை அருகில் விடாமல் தள்ளுகிறது. தப்பித் தவறி வந்தாலும், அங்கே தண்ணீரே எலக்ட்ரானைப் பிடித்து ஹைட்ரஜன் வாயுவாகிவிடுகிறது. யாராவது “பெரும் விளைச்சல்” என்று சொன்னால், போரோஹைட்ரைடை எந்த முறையில் அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

கரைசலாக வைத்திருந்தால் தானாக ஹைட்ரஜன் வெளியேறி வீணாகாதா?

காரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. 25 டிகிரியில், பிஎச் 14 என்றால் அரை ஆயுள் ஓர் ஆண்டுக்கு மேல், ஏறத்தாழ 430 நாள். பிஎச் 10 என்றால் சுமார் ஒரு மணி நேரம். பிஎச் 8இல் ஒரு நிமிடம்கூட இல்லை. வெயிலில் வைத்தால் எல்லாமே சுருங்கும். காஸ்டிக் சோடா சேர்ப்பது இதற்காகத்தான்.

அப்படிக் காரத்தில் தூங்குவதை எழுப்புவது எப்படி?

வினையூக்கியால். ருத்தேனியம் மிக வேகம், விலையும் அப்படி. கோபால்ட்டும் நிக்கலும் மலிவு. கோபால்ட் குளோரைடின் இளஞ்சிவப்புக் கரைசலைப் போரோஹைட்ரைடில் சொட்டினால் சட்டென்று கறுப்பாகும். அந்தக் கறுப்புத் துகள்களே கோபால்ட் போரைடு, அவைதான் உண்மையான வினையூக்கி. நுரை பொங்கி வரும், குடுவை கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். உலோக நுரை அல்லது மணிகளின் மேல் வினையூக்கியைப் பூசி, அதன்மேல் கரைசலை ஓட விட்டால் குழாயைத் திறப்பதும் மூடுவதுமே ஹைட்ரஜனைக் கட்டுப்படுத்தும் வழியாகிவிடும்.

பத்து சதவீதம் என்கிறீர்கள், கருவிகளில் நான்கு சதவீதம்தான் காட்டுகிறார்களே?

கரைதிறன்தான் காரணம். 100 கிராம் தண்ணீரில் 25 டிகிரியில் போரோஹைட்ரைடு 55 கிராம் கரையும். விளையும் மெட்டாபோரேட்டோ 28 கிராம்தான் கரையும். அடர்த்தியான கரைசலை ஓட விட்டால் வெளியேறும் பக்கம் மெட்டாபோரேட் படிகமாகி, குழாயின் வாயில் வெள்ளைப் பாறைபோல் அடைத்துக்கொள்ளும். அடைப்பைத் தவிர்க்கத் தண்ணீரைக் கூட்டினால் எடை கூடும். 20 சதவீதக் கரைசலில் ஹைட்ரஜன் 4.3 சதவீதம்தான், தொட்டி, பம்ப், குளிர்விப்பான் எடையெல்லாம் சேர்ப்பதற்கு முன்பே.

காரில் வைத்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். கிரைஸ்லர் 2001இல் நாட்ரியம் என்ற மாதிரி வேனைக் காட்டியது. மில்லினியம் செல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் போரோஹைட்ரைடு அமைப்பு அதில் இருந்தது. ஓடவும் செய்தது. ஆனால் 5 கிலோ ஹைட்ரஜன் வேண்டும் என்றால் 23 கிலோவுக்கு மேல் போரோஹைட்ரைடு, 20 சதவீதக் கரைசலாக 117 கிலோ. தீர்ந்த கரைசலையும் சுமந்து திரும்பி வந்து, இறக்கி, ஆலைக்கு அனுப்பிப் புதுப்பிக்க வேண்டும். 2007 நவம்பரில் அமெரிக்க எரிசக்தித் துறை, வாகனத்தில் ஹைட்ரஜன் சேமிக்க இந்த நீராற்பகுப்பு முறையைத் தொடர வேண்டாம் என்று முடிவெடுத்தது. எடை ஒரு காரணம், புதுப்பிக்கும் செலவு இன்னொன்று. கார்களைப் பொறுத்தவரை அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் எங்கே பொருந்தும்?

விலை இரண்டாம்பட்சமாக இருக்கும் இடங்களில். நீண்ட நேரம் பறக்க வேண்டிய சிறு ட்ரோன், மின்வசதி இல்லாத இடத்துக்கான கையடக்க மின்மூலம், அவசரக்கால இருப்பு. எடையைப் பொறுத்துக்கொள்ளும், ஒரே துறைமுகத்துக்குத் திரும்பி வரும் படகுகளும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் துறைமுகத்துக்காக நியோ ஆர்பிஸ் என்ற படகு இந்த எரிபொருளை வைத்தே வடிவமைக்கப்பட்டது. போரோஹைட்ரைடின் பெரும் சந்தை இன்னும் வேறு இடத்தில்தான்: காகிதக்கூழை வெளுப்பது, மருந்து ஆலைகளில் ஒடுக்கியாகப் பயன்படுத்துவது.

தண்ணீர் இல்லாமல் சூடாக்கி எடுக்கலாமா?

500 டிகிரிக்கு மேல் போக வேண்டும். பிரயோஜனமில்லை.

ஹைட்ரஜனாக்காமல் நேராக மின்கலத்தில் கொடுக்க முடியுமா?

முடியும். நேரடி போரோஹைட்ரைடு மின்கலம் கோட்பாட்டளவில் 1.64 வோல்ட் தரும்; ஹைட்ரஜன் கலத்துக்கு 1.23தான். ஒரு மூலக்கூறு எட்டு எலக்ட்ரான் கொடுக்க வேண்டும், ஆனால் மின்வாயில் கொஞ்சம் ஹைட்ரஜனாகவே கசிந்துவிடுவதால் எட்டும் கைக்கு வருவதில்லை. தயாரிப்புச் செலவுப் பிரச்சினை இங்கேயும் அப்படியே இருக்கிறது.

கல்லூரி ஆய்வகத்தில் தயாரித்துப் பார்க்கலாமா?

வேண்டாம். சோடியம் ஹைட்ரைடு ஈரக் காற்றிலேயே தீப்பிடிக்கும். அதை 250 டிகிரி எண்ணெயில், தீப்பற்றும் ஆவிகளோடு கையாள்வது பயிற்சி ஆய்வகத்துக்கான வேலை இல்லை. வாங்கிய பொருளை வைத்து நீராற்பகுப்பையும் வினையூக்கிகளையும் ஆராயுங்கள், அதிலேயே செய்ய நிறைய இருக்கிறது. அப்போதும் சிறிய அளவு, திறந்த காற்றோட்டம், அருகில் தீ இல்லாமை, கண்ணாடி, கையுறை. மூடிய பாட்டிலில் ஒருபோதும் கூடாது. அடர் அமிலம் நேராகப் பொடியில் பட்டால் நச்சு வாயுவான டைபோரேன்கூட வரலாம்.

பழைய டப்பாவில் பொடி கட்டி தட்டியிருக்கிறது. இன்னும் நன்றாக இருக்கிறதா என்று எப்படி அறிவது?

ஈரம் இழுத்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கட்டி தட்டியதெல்லாம் கெட்டதில்லை. உள்ளே நல்ல பொடி இருக்கலாம். 0.1 கிராம் எடுத்து, சில மில்லிலிட்டர் நீர்த்த அமிலத்தில் விட்டு, வரும் வாயுவை நீர் இடப்பெயர்ச்சி முறையில் சேகரித்து அளவிடுங்கள். 25 டிகிரியில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், தூய பொடி என்றால் நீராவியையும் சேர்த்து 267 மில்லிலிட்டருக்கு அருகில் வரும். 240 வந்தால் 90 சதவீதம் தூய்மை. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பொட்டாசியம் அயோடேட்டோடு வினைபுரிய விட்டு, மீந்த அயோடேட்டைத் தயோசல்பேட்டால் தரம்பார்க்கும் முறை இருக்கிறது. ஆய்வுக்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒவ்வொரு டப்பாவையும் திறந்த அன்றே இப்படி அளந்து லேபிளில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் வினையூக்கியின் குறை எது, பொடியின் குறை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.